வீட்டில் செய்த பாட்டுத் தொகுப்பு, உட்கார்ந்து கேட்க எட்டுப் பேர்: ஒரு முழுமையான வழிகாட்டி

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பாட்டுப் பதிந்து தரும் கடைக்கு ஒரு காலி கேசட்டையும் நோட்டுப் பேப்பரில் எழுதிய பட்டியலையும் கொண்டுபோய்க் கொடுத்து, "எப்பங்ண்ணா கெடைக்கும்?" என்று கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. எந்தப் பாட்டு, எதற்கு அடுத்து எது, ஏ பக்கம் எதில் முடிய வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்தோம். கடைக்காரர் எல்பி ரெக்கார்டிலிருந்து பதிந்து கொடுத்தார் (கடைசியில் இரண்டு நிமிஷம் மிச்சமிருந்தால் தனக்குப் பிடித்த பாட்டில் பாதியைப் போட்டு நிரப்பியும் கொடுத்தார், அதைக் கேட்டுத்தான் பல பேருக்குப் பல பாட்டு அறிமுகம்). இப்போது பட்டியல் போடுவது சுலபமாகிவிட்டது, அதனாலேயே யாரும் யோசித்துப் போடுவதில்லை. முந்நூறு பாட்டு இருக்கிற பட்டியலை லிங்காக அனுப்பிவிட்டு "கேட்டுப் பாருங்க" என்றால் யார் கேட்பார்கள்?

நண்பர்கள் சில பேர் மாதம் ஒரு தடவை ஒரு வீட்டில் கூடி, வீட்டில் செய்த தொகுப்பைக் கொண்டுவந்து, முழுசாக உட்கார்ந்து கேட்டு, அப்புறம் அதைப் பற்றிப் பேசுகிற சங்கத்தை எப்படி ஆரம்பிப்பது, எப்படி நடத்துவது என்று கீழே சொல்லியிருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும் உங்கள் சௌகரியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரே ஒரு விதியை மட்டும் மாற்ற வேண்டாம்: தொகுப்பைச் செய்தவர் கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும். பாட்டு போடுவதற்கு முன்பே "இது ஏன் எடுத்தேன்னா..." என்று ஆரம்பித்துவிட்டால் கேட்கிறவர்கள் பாட்டைக் கேட்க மாட்டார்கள், அவர் சொன்னது சரியா என்றுதான் பார்ப்பார்கள்.

1. ஆள் சேர்ப்பது

ஆறு பேர் முதல் எட்டுப் பேர் வரை போதும். நாலு பேர் என்றால் ஒருவர் வராவிட்டாலே கூட்டம் படுத்துவிடும், பத்துக்கு மேல் போனால் பேச எல்லோருக்கும் முறை வராது, மூலையில் இரண்டு பேர் தனியாக வேறு கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரே வயசுக்காரர்களாகச் சேர்க்காதீர்கள். ஒன்றாகக் கல்லூரியில் படித்த எட்டுப் பேர் சேர்ந்தால் எட்டுப் பேரும் ஒரே பத்து வருஷப் பாட்டைத்தான் கொண்டுவருவார்கள். ஒரு பெரியவர், கல்லூரி போகிற ஒரு பொண்ணு, சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர், கோயில் மேளத்தோடு பழக்கம் உள்ளவர் என்று கலந்து இருக்கட்டும். என்னைக் கேட்டால், பொள்ளாச்சி ரூட்டிலோ ஈரோடு ரூட்டிலோ தனியார் பஸ் ஓட்டுகிற ஒருவரையோ நாமக்கல் பக்கத்து லாரிக்காரர் ஒருவரையோ கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். எந்தப் பாட்டுக்கு அடுத்து எது போட்டால் பஸ்ஸில் சத்தம் அடங்கும், ராத்திரி இரண்டு மணிக்கு எது போட்டால் கண் சொருகாது என்று வரிசையைத் தினமும் சோதித்துப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். சங்கீதம் படித்தவருக்கு ராகம் தெரியும், டிரைவருக்கு வரிசை தெரியும், இரண்டும் வேண்டும்.

சந்தா, நுழைவுக் கட்டணம் எதுவும் வேண்டாம். யார் வீட்டில் கூடுகிறீர்களோ அவர்கள் டீயும் ஏதாவது கடலையோ முறுக்கோ தந்தால் போதும். பணம் வாங்காமல் இருப்பதற்குச் சட்டப்படியும் ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

2. அளவு: 45 நிமிஷம்

ஒரு தொகுப்பு 45 நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. சி-90 கேசட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான், அந்த அளவு இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கிறது. சினிமாப் பாட்டு சராசரியாக நாலரை நிமிஷம் என்று வைத்தால் பத்துப் பாட்டு வரும். பழைய 78 சுற்று இசைத்தட்டுக் காலத்துப் பாட்டுகள் ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான் கொள்ளும் என்பதால் சின்னதாக இருக்கும், அவை அதிகம் இருந்தால் பதிமூணு வரை போகலாம்.

ஒரு கூட்டத்தில் இரண்டு தொகுப்பு. 45 நிமிஷம் கேட்பது, அரை மணி பேசுவது, டீ, மறுபடி 45, மறுபடி அரை மணி. மூணு மணி நேரத்தில் முடியும். எட்டுப் பேர் இருந்தால் நாலு மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் முறை வரும். அந்த இடைவெளி அவசியம். மாதாமாதம் செய்யச் சொன்னால் மூணாவது மாதமே கையில் இருக்கிற பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு வருவார்கள்.

3. தலைப்பு வைப்பது

"மழைப் பாட்டு", "சோகப் பாட்டு", "தொண்ணூறுகளின் ஹிட்ஸ்" இதெல்லாம் வேண்டவே வேண்டாம். தேடினால் ஆயிரம் பேர் ஏற்கெனவே போட்டு வைத்திருப்பார்கள், கேட்கிறவர்களுக்கும் மூணாவது பாட்டிலேயே நாலாவது எது என்று தெரிந்துவிடும்.

நல்ல தலைப்பு காதுக்கு ஒரு வேலை வைக்க வேண்டும். சினிமாப் பாட்டுக்குள் நாதஸ்வரம் வருகிற இடங்கள் என்று ஒன்று செய்து பாருங்கள். கல்யாணக் காட்சிக்கு வருவது, சாவுக்கு வருவது, கிண்டலுக்கு வருவது என்று ஒரே வாத்தியம் பத்து வேலை செய்வது தெரியும். ஒரே ராகத்தைப் பத்து இசையமைப்பாளர்கள் எடுத்தாண்டது என்று ஒன்று செய்யலாம். மோகனத்தில் ஆரம்பியுங்கள், ஐந்து ஸ்வரம்தான், ராகம் தெரியாதவர்களுக்கும் நாலாவது பாட்டில் பிடிபட்டுவிடும். இரண்டாவது இடையிசை முதல் இடையிசையை விட நன்றாக இருக்கிற பாட்டுகள் என்று வைத்தால் அன்றைக்குச் சண்டை நிச்சயம். வார்த்தையே இல்லாமல் கோரஸ் குரல் மட்டும் வேலை செய்கிற பாட்டுகள், ஒரே ஒரு வாத்தியத்தோடு தொடங்குகிற பாட்டுகள், அப்பாவின் கேசட் பெட்டியில் இருந்து மட்டும் என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

நம்ம கொங்கு நாட்டுக்கே உரிய தலைப்புகளும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடாதீர்கள். ஒரு காலத்தில் தமிழ் சினிமா எடுக்கப்பட்ட ஊர்களில் கோயமுத்தூரும் ஒன்று. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது, பட்சிராஜா ஸ்டுடியோவும் இருந்தது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இங்கே இசையமைத்தார், எம்.எஸ். விஸ்வநாதன் ஆரம்ப நாட்களில் வேலை பார்த்த இடங்களில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் ஒன்று. 1954இல் வந்த மலைக்கள்ளன் பட்சிராஜா தயாரிப்பு. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். இந்த மூன்று இடங்களில் எடுத்த படங்களின் பாட்டுகளை மட்டும் வைத்தே ஒரு தொகுப்பு நிறையும். சிங்காநல்லூரைத் தாண்டி வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு அதைக் கேட்கும்போது வருகிற ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும்.

4. பாட்டைச் சேகரிப்பது

நிறைய பேர் கவனிக்காமல் விடுகிற படி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாட்டு ஒன்றுதான், பதிப்பு பல. ஒரு பழைய பாட்டை எடுத்தால் இசைத்தட்டில் இருந்த பதிவு ஒன்று, பிறகு சிடிக்காக மெருகேற்றியது ஒன்று, எதிரொலி சேர்த்து மோனோவை ஸ்டீரியோ மாதிரி விரித்தது ஒன்று, மேலே புதுசாகத் தாளம் ஒட்டியது ஒன்று என்று கிடைக்கும். முதலில் கண்ணில் பட்டதை எடுக்காமல் மூணு நாலு பதிப்பைக் கேட்டு, பாடுகிறவரின் மூச்சுச் சத்தம் எதில் கேட்கிறதோ அதை எடுங்கள். பெரும்பாலும் அதுதான் அதிகம் கை வைக்காத பதிவாக இருக்கும்.

கோப்பின் தரத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 128 கேபிபிஎஸ் எம்பி3யைத் தரம் குறையாத ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றினால் கோப்பு பெரிசாகும், பாட்டு நன்றாகாது. போனது போனதுதான். அதனால் சிடி இருந்தால் சிடியில் இருந்தே எடுங்கள். பெரிய ஸ்பீக்கரில் போடும்போது தாளத்தட்டுகளின் ஓசை சலசலவென்று தண்ணீர் ஓடுகிற மாதிரி கேட்டால் அது குறைந்த தரத்து எம்பி3 என்று அர்த்தம்.

கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் பாடுபட வேண்டும், ஆனால் கூட்டத்தில் அதிகம் பேசப்படுவதும் அந்தப் பாட்டுதான். முதலில் கேசட்டின் ஓட்டை வழியாக உள்ளே பாருங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், பிளேயரும் கெட்டுவிடும், அடுத்துப் போடும் கேசட்டும் கெட்டுவிடும். நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் ஒலி வந்து வந்து போகும். பிளேயரில் நாடாவைப் படிக்கிற முனையான ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, கேசட்டை ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். பல வருஷம் சும்மா கிடந்த நாடா அப்போதுதான் தளர்ந்து கொடுக்கும். அதற்குப் பிறகும் பாட்டு மந்தமாகக் கேட்டால் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகாணியைப் பாட்டு ஓடும்போதே ஒரு துளி ஒரு துளியாகத் திருப்பி, மேல்ஸ்தாயி எங்கே பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

பிளேயரின் லைன் அவுட்டில் இருந்து கம்ப்யூட்டருக்குக் கம்பி போட வேண்டும். லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் மைக் துளைதான், அதில் நேராகக் குத்தினால் ஒலி கரகரக்கும், இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். லைன் இன் உள்ள சின்ன யூஎஸ்பி அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், அதில் பதியுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், 'உஸ்' என்கிற நாடாச் சத்தத்தை முழுசாகத் துடைக்க ஆசைப்படாதீர்கள். அதோடு சேர்ந்து வயலின் வில்லின் உரசலும் போய்விடும். கொஞ்சம் உஸ் இருக்கட்டும்.

சுருதியையும் பார்க்க வேண்டும். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பிளேயர் மோட்டார் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும், பாடுகிறவர் குரலும் இளசாகிவிடும். அதே பாட்டு வேறெங்காவது சரியான பதிவாகக் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக் கேட்டு, ஆடாசிட்டியிலேயே வேகத்தைச் சரிசெய்யுங்கள். கீபோர்டுக்காரர் சங்கத்தில் இருந்தால் இந்த வேலை அவருக்கு.

5. வரிசை

பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆனால் வரிசைக்கும் அதே அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டின் கடைசி இருபது நொடி காதில் நிற்கும்போதுதான் அடுத்ததன் முதல் இருபது நொடி வருகிறது. அதனால் முழுப் பாட்டுகளையும் போட்டுப் போட்டு வரிசை பார்க்காதீர்கள், அலுத்துவிடும். ஒவ்வொரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் மட்டும் வெட்டி ஒட்டி ஒரு கோப்பாகச் செய்து அதைக் கேளுங்கள். பத்துப் பாட்டுக்கு ஒன்பது இணைப்பு, ஆறு நிமிஷத்தில் முடிந்துவிடும். எந்த இணைப்பில் முகம் சுளிக்கிறதோ அங்கே வரிசையை மாற்றுங்கள்.

முகம் சுளிப்பதற்குப் பெரும்பாலும் சுருதிதான் காரணம். அடுத்த பாட்டு அரைக் கட்டை தள்ளி ஆரம்பித்தால் அது தவறாகப் பாடுகிற மாதிரி கேட்கும், பாவம், அந்தப் பாட்டு ஒரு தப்பும் செய்திருக்காது. முந்தைய பாட்டின் பஞ்சமத்திலோ (ப) மத்யமத்திலோ (ம) அடுத்ததன் ஷட்ஜம் (ச) விழுந்தால் வழுக்கிக்கொண்டு போகும். வேறு வழியில்லை என்றால் நடுவில் நாலைந்து நொடி அமைதி விடுங்கள், காது பழையதை மறந்துவிடும். சாதாரணமாக இரண்டு நொடி இடைவெளி போதும், ஆடியோ சிடி எழுதும் மென்பொருள்களும் வழக்கமாக அதைத்தான் வைக்கும். சில இடத்தில் இடைவெளியே இல்லாமல் ஒட்டினால்தான் அடி விழும். தேய்ந்து தேய்ந்து மறைகிற முடிவுக்கு அடுத்து, எடுத்த எடுப்பிலேயே குரலில் தொடங்குகிற பாட்டைப் போட்டுப் பாருங்கள்.

என்னுடைய அபிப்பிராயங்கள் சில. உங்களிடம் உள்ளதிலேயே சிறந்த பாட்டை முதலில் வைக்காதீர்கள், ஜனங்கள் இன்னும் கால் மடக்கி உட்காரக்கூட முடித்திருக்க மாட்டார்கள். இரண்டாவது பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும், "சரி, நம்ம ஆளுதான்" என்று நம்பிக்கை வரும். யாரும் கேட்டிராத பாட்டு நாலாவது, ஐந்தாவதில். ஆறாவது ஏழாவதில் கவனம் தளரும், அங்கே வாத்திய இசை ஒன்று, அல்லது வேறு மொழி, அல்லது நம்மூர் உடுக்கைப் பாட்டு. ஒரே குரல் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் கவனக்குறைவு மாதிரி தெரியும், மூணு தடவை வந்தால் வேண்டுமென்றே செய்தது என்று புரிந்துகொள்வார்கள், அதனால் ஒன்று அல்லது மூன்று. கடைசிப் பாட்டு சின்னதாக இருப்பது நல்லது.

மிகவும் பிடித்த பாட்டு ஒன்று எங்கே வைத்தாலும் ஒட்டாமல் நிற்கும். எடுத்துவிடுங்கள், அடுத்த தொகுப்புக்கு ஆகும்.

6. சத்தத்தைச் சமப்படுத்துவது

1950களின் பதிவுக்கு அடுத்து இப்போதைய பாட்டு வந்தால் ரிமோட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கும். இப்போதைய பாட்டுகளைப் பதியும்போதே ஒலியை நெருக்கி உயர்த்தி வைக்கிறார்கள், பழையதில் ஏற்ற இறக்கம் அதிகம். ஆடாசிட்டியில் லவுட்னெஸ் நார்மலைசேஷன் என்று இருக்கிறது, அது தானாக மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரிகிற சத்தத்தின் அளவு) என்று காட்டும், வீட்டுக் கேட்புக்கு அது ரொம்பக் குறைச்சல். மைனஸ் 18 வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் பழைய பாட்டுகளின் உச்சிகள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். சத்தமான பாட்டைக் கீழே இறக்குவதுதான் முறை, மெதுவான பாட்டை மேலே தள்ளுவது அல்ல. அப்புறம் கடைசியாக ஒரு தடவை காதால் கேட்டுச் சரிபாருங்கள், எண் சமமாக இருந்தாலும் தனிக்குரலில் வருகிற பாட்டு மேளத்தோடு வருகிற பாட்டை விடச் சத்தமாகத் தோன்றலாம்.

7. அட்டை

பாட்டு, படம், வருஷம், இசை, எழுதியவர், பாடியவர்கள், தெரிந்தால் வாசித்தவர்கள். வருஷத்தையும் பாடலாசிரியரையும் யூடியூப் வீடியோவின் கீழே எழுதியிருப்பதை நம்பி எழுதாதீர்கள், அதில் கண்ணதாசன் எழுதாத பாட்டெல்லாம் கண்ணதாசன் பேரில் இருக்கும். இசைத்தட்டு உறை, கேசட் அட்டை, படத்தின் டைட்டில் இவற்றில் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வரி, நீங்கள் கவனிக்கச் சொல்கிற இடத்தை நிமிஷத்தோடு எழுதுங்கள்: "2:10, இரண்டாவது இடையிசையில் புல்லாங்குழல் ஒதுங்கிப் போவதைக் கேளுங்கள்" என்ற மாதிரி. "மனதை வருடும் பாடல்" என்று எழுதுவதற்குப் பேசாமல் காலியாக விடலாம்.

இந்த அட்டையைக் கேட்டு முடித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். இலங்கை வானொலியிலும் கோவை வானொலியிலும் படம், பாடியவர் எல்லாம் சொல்லிவிட்டுப் பாட்டு போடுவார்கள், அது வானொலிக்குச் சரி. இங்கே பேர் தெரிந்தவுடனே பாதிப் பேர் பிடித்த இசையமைப்பாளர் என்றால் தலையாட்டுவார்கள், பிடிக்காதவர் என்றால் கையைக் கட்டிக்கொள்வார்கள். பேர் தெரியாமல் கேட்டால் காதால் மட்டும் கேட்டாக வேண்டும்.

8. சட்டம், சுருக்கமாக

1957ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இரண்டு விஷயம் நமக்கு உதவும். சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு ஒன்று. லாபத்துக்கு நடத்தப்படாத சங்கத்தின் நடவடிக்கையாக ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்பது இன்னொன்று. அதனால்தான் கட்டணம் வேண்டாம் என்றேன். தொகுப்பைப் பொதுவில் ஏற்றுவதும் பென்டிரைவில் போட்டு விற்பதும் இதில் அடங்காது. ஒலிப்பதிவின் உரிமை வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்தில் இருந்து 60 வருஷம், ஆகவே 1954இன் ஒரு பதிவுக்கு அந்த உரிமை முடிந்துவிட்டது. ஆனால் மெட்டுக்கும் வரிகளுக்கும் தனி உரிமை, எழுதியவர் காலமாகி 60 வருஷம் வரை இருக்கும். ஆக, பழைய பாட்டு என்றாலே எல்லோருக்கும் சொந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. சங்கத்துக்குள் கேளுங்கள், சங்கத்துக்குள் வையுங்கள்.

9. கூடும் நாள், இடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூணு மணி. திருப்பூர்க்காரர்கள் சங்கத்தில் இருந்தால் சனிக்கிழமையைப் பற்றிப் பேசவே வேண்டாம், சம்பளம் போடுகிற நாள். வருஷம் முழுக்க வைக்கிற கூட்டத்துக்கு முதல் எதிரி முகூர்த்தம்தான். காலண்டரைப் பார்க்காமல் தேதி வைத்தால் எட்டுப் பேரில் ஐந்து பேர் மண்டபத்தில் பந்தியில் இருப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, அந்த மாதங்களில் எல்லோரும் வருவார்கள், ஆனால் ஆடியில் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் மாதிரி தறி ஓடுகிற வீதியில் வீடு என்றால் தறி நிற்கிற நேரமாகப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடினால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே தாளம்தான்.

டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கிற ஹாலில் பாட்டு எதிரொலிக்கும். பவானி ஜமுக்காளம் ஒன்றிரண்டைத் தடிமனாக விரித்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாலே பாதி சரியாகிவிடும், உட்காரவும் ஆச்சு. ஸ்பீக்கர் இரண்டும் உட்கார்ந்திருக்கிறவர்களின் காது உயரத்தில், சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி. விலை உயர்ந்த சிஸ்டம் வேண்டியதில்லை, ஆனால் போன் ஸ்பீக்கரும் உருண்டை புளூடூத்தும் வேண்டாம், இரண்டு பக்கமும் பிரிந்து கேட்காவிட்டால் ஸ்டீரியோப் பாட்டில் பாதி விஷயம் தெரியாது. ஃபேனை ஒன்றாம் நம்பரில் வையுங்கள். போன்கள் வேறு அறையில். டீ, பாட்டு ஓடும்போது இல்லை, பேச்சு நேரத்தில்.

10. பேசுவது

கொங்குக்காரர்கள் கூடுகிற இடத்தில் ஒரு பெரிய சிக்கல் மரியாதை. 45 நிமிஷம் கேட்டு முடிந்ததும் சுற்றி வரக் கேட்டால் எட்டுப் பேரும் "நல்லாருந்துச்சுங்க" என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியில்தான் உண்மையான விமர்சனம் நடக்கும். வண்டியில் நடக்கிற அந்தப் பேச்சை ஹாலுக்குக் கொண்டுவருவதற்குத்தான் இந்தப் படி முழுவதும்.

முதலில் ஐந்து நிமிஷம் யாரும் பேச வேண்டாம். எல்லோருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள், பேர் போடாமல் மூணு கேள்விக்குப் பதில் எழுதட்டும். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்? எந்த இடத்தில் போனைத் தேடி கை போச்சு? ஒரு பாட்டை எடுத்தே ஆக வேண்டும் என்றால் எது? மூணாவது கேள்விதான் முக்கியம். பிடிக்காத பாட்டு எது என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் தயக்கம் போய்விடும்.

சீட்டுகளை ஒருவர் சத்தமாகப் படித்த பிறகு பேச்சு ஆரம்பிக்கட்டும், வயசில் சின்னவர் முதலில். பெரியவர் முதலில் பேசினால் மற்றவர்கள் "மாமா சொன்னதுதானுங்க" என்று முடித்துக்கொள்வார்கள். இப்படிப் போக வேண்டும் பேச்சு:

"மாமா, ஆறாவது பாட்டை எடுத்துருங்க."

"ஏங் கண்ணு, அது நல்லால்லியா?"

"நல்லாருக்குங் மாமா. ஆனா நீங்க சொல்ல வந்ததை அஞ்சாவதுலயே சொல்லிட்டீங்க. ஆறாவது அதையே திருப்பிச் சொல்லுது."

இது ரசனைக்கும் மேலே போன பேச்சு. பாட்டு நல்லதா கெட்டதா என்பதில் யாருக்கும் கோபம் வரலாம், வரிசையைப் பற்றிப் பேசினால் யாருக்கும் வராது, ஏனென்றால் அது அந்தப் பெரியவர் செய்த வேலை, மாற்றவும் முடியும். ஆகவே நடத்துகிறவர் பேச்சு திசை மாறும்போதெல்லாம் வரிசைக்கே திருப்பிக்கொண்டு வர வேண்டும்: இது ஏன் இங்கே இருக்கிறது, இதற்கு முன்னால் அது வந்ததால் என்ன ஆச்சு, இரண்டையும் இடம் மாற்றினால் என்ன ஆகும். சந்தேகம் வந்தால் அந்த இணைப்பை மட்டும் மறுபடி போட்டுக் கேளுங்கள். நாலு பேர் நாலு விதமாகச் சொன்ன விஷயம் முப்பது நொடியில் தீர்ந்துவிடும், அல்லது இன்னும் சூடாகும், இரண்டும் லாபம்தான்.

இரண்டு பேச்சுக்கு முழுத் தடை: ராஜாவா ரகுமானா, அந்தக் காலம் மாதிரி வருமா. இரண்டுக்கும் பதில் கிடையாது, ஆனால் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். யாராவது ஆரம்பித்தால் அடுத்த கூட்டத்துக்கு முறுக்கு அவர் செலவு.

எல்லோரும் பேசி முடித்த பிறகு தொகுப்பைச் செய்தவர் அட்டையைக் கொடுத்து, தான் நினைத்தது என்ன என்று சொல்லலாம். பத்து நிமிஷம். "நான் அப்படி நெனைக்கவே இல்லீங்களே" என்று அவர் சொல்கிற இடம் கட்டாயம் ஒன்றாவது வரும். பாதுகாத்துக்கொள்ளப் பேசக்கூடாது, நடத்துகிறவர் பார்த்துக்கொள்ளட்டும். விரும்பினால் ஒரு வாரத்துக்குள் வரிசையை மாற்றி இரண்டாம் பதிப்பு செய்யலாம், அதைச் சங்கத்தில் மறுபடி கேட்க வேண்டியதில்லை, அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்வார்கள்.

11. நம்மூர்ப் பாட்டைப் பதிந்து சேர்ப்பது

சினிமாவை விட்டு வெளியே வர வேண்டும் என்று சங்கத்துக்கு ஒரு கட்டத்தில் தோன்றும், அப்போது சுற்றுவட்டாரத்திலேயே விஷயம் கொட்டிக் கிடக்கிறது. உடுக்கை அடித்துப் பாடுகிற அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை), வள்ளி கும்மி, ஒயிலாட்டம், பொள்ளாச்சிப் பக்கத்து ஜமாப் மேளம், ஆனைகட்டிப் பக்கம் இருளர் பாட்டு. அண்ணன்மார் கதையை 1960களிலேயே காங்கயம் பக்கத்தில் தங்கி நாடாவில் பதிந்துகொண்டு போனார் பிரெண்டா பெக் என்கிற மானுடவியல் ஆய்வாளர். கனடாக்காரர் செய்ததைப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு நாம் ஏன் செய்யக்கூடாது.

போனிலேயே பதியலாம், எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காமல் வேவ் வடிவத்தில் பதிகிற ஆப் போடுங்கள். ஜமாப்புக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றால் ஒலி வெடித்துவிடும், பதினைந்து அடியாவது தள்ளி நில்லுங்கள். உடுக்கைக்கு நேர்மாறு, பாடுகிறவர் பக்கமாகக் கிட்டே போக வேண்டும், உடுக்கை குரலை மூடிவிடும். காற்று அடித்தால் போனின் மைக் மேல் மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கும்மியில் கைத்தட்டலும் பாட்டும் சேர்ந்ததுதான் விஷயம், வட்டத்துக்கு வெளியே ஒரே இடத்தில் நின்று பதியுங்கள், கூடவே சுற்றி நடக்காதீர்கள்.

பதிவதற்கு முன் பாடுகிறவரைக் கேட்டுவிடுங்கள், எதற்கு என்றும் சொல்லிவிடுங்கள். சில பாட்டுகள் சாமி வரும் இடத்தில் மட்டும் பாடுவது, அதைப் பதிய வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். அட்டையில் அவர் பேரும் ஊரும் வரட்டும், அவருக்குச் சம்மதம் என்றால். கோப்பை இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வேறு வேறு வீடுகளில் வையுங்கள். தேதி, ஊர், பாடியவர் என்று பெயரிட்டு வைத்தால் பிறகு தேடக் கிடைக்கும். தொகுப்பைச் சங்கத்தில் போடுவதற்கு முன்பே ஒரு பிரதியைப் பென்டிரைவில் ஏற்றிப் பாடினவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டு டிவியில் அது ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், சில டிவிக்கு வேவ் ஓடாது, எம்பி3 பிரதி ஒன்றும் சேர்த்து வைத்திருப்பது நல்லது.